எலும்பு ஊசியும் கடைவாய்ப் பல்லும்

கேள்வி

என் அம்மாவுக்கு 68 வயது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு எலும்பு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு தேய்மானம் அதிகம் என்றார்கள். வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை, 70 மி.கி., நாலு வருஷம் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் படுக்காமல் உட்கார்ந்திருப்பார். நெஞ்செரிச்சல் தாங்க முடியாமல் போகவே, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசிக்கு மாற்றினார்கள். இதுவரை இரண்டு ஊசி. இரண்டாவது போட்டு நாலு மாதம் ஆகிறது.

இப்போது கீழே வலதுபக்கக் கடைவாய்ப் பல் பாதி உடைந்துவிட்டது. கன்னம் வீங்குகிறது, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் வடிகிறது, பத்து நாளில் மறுபடி வீங்குகிறது. பல் மருத்துவர், "எலும்பு ஊசி போட்டிருக்கீங்க, இந்தப் பல்லை நான் தொட மாட்டேன், தாடை எலும்பு அழுகிடும்" என்கிறார். எலும்பு மருத்துவரோ, "அதெல்லாம் யாருக்கோ ஒருத்தருக்கு வர்றது, பிடுங்கச் சொல்லுங்க" என்கிறார். நடுவில் அம்மா செல்போனில் ஏதோ படங்களைப் பார்த்துவிட்டார். இனிமேல் ஊசியே வேண்டாம், கால்சியம் மாத்திரையும் வேண்டாம் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

இன்னொன்று. என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய், முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது. ஒன்றரை வருஷமாக மாதாமாதம் ஜோலெட்ரோனிக் ஆசிட் டிரிப்ஸ் ஏற்றுகிறார்கள். கீழ்ப் பல் செட் அழுத்தி உள்பக்கம் புண்ணாகி மூன்று மாதமாக ஆறவில்லை. வெள்ளையாக, கெட்டியாக ஏதோ நாக்கில் குத்துகிறது என்கிறார். போன வாரத்திலிருந்து கீழுதடும் மோவாயும் ஒரு பக்கம் மரத்துக் கிடக்கிறதாம். வலி பெரிதாக இல்லை, அடுத்த டிரிப்ஸுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பிரச்சினைதானா? மருந்துகளை நிறுத்திவிடலாமா?

— வாசகி, காரைக்குடி

பதில்

சித்தியிடமிருந்து தொடங்குகிறேன். அம்மாவின் பல்லுக்கு ஒன்றிரண்டு வாரம் அவகாசம் இருக்கிறது. சித்தியை இந்த வாரமே, முடிந்தால் நாளைக்கே, அவரது புற்றுநோய் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி தரும் நரம்பு, கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் வழியாக ஓடி மோவாய்க்கு அருகில் வெளியே வருகிறது. உதடு மரத்துப்போனால் எலும்புக்குள் அந்த நரம்பை ஏதோ ஒன்று நெருக்குகிறது என்று பொருள். சித்தியின் விஷயத்தில் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நீங்கள் சந்தேகப்படுகிற மருந்துப் பாதிப்பு: தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழந்து, அதில் கிருமி ஏறி, அழற்சி நரம்பு வரை போயிருக்கலாம். மற்றது, புற்றுநோயே தாடை எலும்புக்கு வந்திருக்கலாம். மார்பகப் புற்றுநோய் உள்ள ஒரு பெண்ணுக்குக் காரணம் தெரியாமல் மோவாய் மரத்தால், புற்று அங்கே பரவவில்லை என்று உறுதியாகும் வரை நாங்கள் விடுவதில்லை. இரண்டுக்கும் சிகிச்சை முற்றிலும் வேறு. வாயைத் திறந்து பார்ப்பதை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. முழுத் தாடைக்கான ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே, அதன்பின் சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனை என்று போக வேண்டியிருக்கும். வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிரிழந்த எலும்பு வலிக்காது. கிருமி சேர்ந்த பிறகுதான் வலி வரும்.

நாக்கில் குத்துகிற அந்த வெள்ளைப் பொருள் பெரும்பாலும் எலும்புதான். அதை நகத்தால் பெயர்க்கவோ, பக்கத்து கிளினிக்கில் தேய்த்து மழுக்கவோ வேண்டாம். கீழ்ப் பல் செட்டை இன்றே கழற்றி வைக்கச் சொல்லுங்கள். கஞ்சி, குழைந்த சாதம் என்று சில நாள் சமாளிக்கலாம். போகும்போது இதுவரை ஏற்றிய டிரிப்ஸ் தேதிகள், மருந்தின் பெயர், அளவு எல்லாம் உள்ள டிஸ்சார்ஜ் சம்மரிகளைக் கையோடு கொண்டு போங்கள். முகத்துக்கோ கழுத்துக்கோ எப்போதாவது ரேடியேஷன் கொடுத்தார்களா என்பதையும் சொல்லுங்கள். ரேடியேஷனாலும் தாடை எலும்பு பட்டுப்போகும். அது தனி நோய், அதற்கான வழிகளும் தனி.

இந்த எல்லா வேறுபாடுகளையும் வைத்துத்தான் எங்கள் தாடை மருத்துவத் துறையில் ஒரு வரையறை வைத்திருக்கிறார்கள். எலும்புச் சிதைவைத் தடுக்கும் மருந்து உடம்பில் ஏறியிருக்க வேண்டும். எலும்பு வெளியே தெரிவதோ, ஈற்றிலோ முகத்திலோ உள்ள துளை வழியாகக் கருவிக்குத் தட்டுப்படுவதோ 8 வாரத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். தாடைக்கு ரேடியேஷனோ புற்றுப் பரவலோ இருந்திருக்கக் கூடாது. இந்த மூன்றும் பொருந்தினால் அது மருந்தால் வந்த தாடை எலும்புச் சிதைவு.

இனி, இரண்டு பேருக்கும் ஒரே பிரச்சினையா என்ற உங்கள் கேள்வி. மருந்து வகை ஒன்றுதான், ஆபத்தின் அளவு ஒன்றல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விடுவதால்தான் அம்மா மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள், சித்தி மாதிரி சிலர் பயப்பட வேண்டிய நேரத்தில் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

நம் எலும்பு ஒரு முறை உருவாகி அப்படியே நின்றுவிடுவதில்லை. பழைய வீட்டில் பொருமிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுகிற மாதிரி, எலும்பிலும் ஒரு வகை அணுக்கள் பழசை அரித்து எடுக்கின்றன, இன்னொரு வகை அணுக்கள் புதிதாகக் கட்டுகின்றன. மாதவிடாய் நின்ற பிறகு கொத்துகிற வேலை வேகமாகவும் பூசுகிற வேலை மந்தமாகவும் நடக்கிறது. அதுதான் எலும்பு தேய்மானம். அலெண்ட்ரோனேட், ரைசெட்ரோனேட், ஐபாண்ட்ரோனேட், ஜோலெட்ரோனிக் ஆசிட் ஆகிய பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பில் ஒட்டிக்கொண்டு, அரிக்க வரும் அணுக்களை முடக்குகின்றன. டெனோசுமாப் வேறு வழியில் போகிறது. அந்த அணுக்கள் உருவாகவும் வளரவும் தேவையான சமிக்ஞைப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முடிவு ஒன்றே: எலும்பு கரைவது நிற்கிறது, முறிவுகள் குறைகின்றன.

முதுகெலும்பிலும் இடுப்பிலும் நாம் வேண்டி விரும்புகிற இந்த விளைவு, தாடையில் மட்டும் சில சமயம் இடைஞ்சலாகிறது. பல் பிடுங்கிய குழியில் சேதமான எலும்பை அரித்து அப்புறப்படுத்தினால்தான் புது எலும்பு வளரும். அரிக்கும் அணுக்கள் முடங்கிக் கிடந்தால் கெட்டது அங்கேயே தங்குகிறது. உடம்பில் வேறெந்த எலும்பும் பல் மாதிரி ஒன்றைத் தன்னிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு கிருமிகள் நிறைந்த ஈரத்தில் நிற்பதில்லை. மேலே போர்த்தியிருக்கும் சதையும் மிக மெல்லியது. சரியாகப் பொருந்தாத பல் செட் ஒன்றே அதைக் கிழித்துவிடும். மென்று மென்று தேய்கிற அழுத்தம் வேறு. அதனால்தான் முழங்காலிலோ தோளிலோ வராத சிக்கல் தாடையில் வருகிறது. நான்கில் மூன்று பேருக்கு அது கீழ்த்தாடையில் வருகிறது. அங்கே எலும்பு கெட்டி, இரத்த ஓட்டம் குறைவு.

இது உலகத்துக்குத் தெரியவந்து அதிக காலம் ஆகவில்லை. 2003-ல் அமெரிக்காவின் மயாமி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாய், தாடை அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், பாமிட்ரோனேட் என்ற பிஸ்பாஸ்போனேட்டையோ ஜோலெட்ரோனிக் ஆசிடையோ ஏற்றிக்கொண்ட 36 நோயாளிகளின் தாடை எலும்பு வெளியே தெரிந்ததை மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அலெண்ட்ரோனேட் அதற்கு எட்டு வருடம் முன்பே, 1995-ல், அமெரிக்காவில் அனுமதி பெற்றுப் பரவலாகியிருந்தது. பிறகு டெனோசுமாபிலும் இதே பாதிப்பு வருவதைக் கண்டார்கள். புற்றுநோய்க்குத் தரும் பெவாசிசுமாப், சுனிடினிப் போன்ற, இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். 2014-ல் அமெரிக்க வாய், தாடை அறுவை மருத்துவர் சங்கம் இந்த நோயின் பெயரிலேயே பிஸ்பாஸ்போனேட்டை எடுத்துவிட்டு, பொதுவாக மருந்து சார்ந்தது என்று மாற்றியது.

ஆனால் பட்டுப்போன தாடை என்ற காட்சி மருத்துவத்துக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தீப்பெட்டித் தொழிற்சாலைகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு, பெரும்பாலும் ஏழைப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும், முதலில் பல்வலி வரும். பிறகு சீழ் வடியும். கடைசியில் தாடை எலும்பு துண்டு துண்டாகக் கழன்று வரும். 1888-ல் லண்டனின் பிரையண்ட் அண்ட் மே தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்று எழுதியவர் அன்னி பெசண்ட். பின்னாளில் அடையாற்றில் வாழ்ந்து அங்கேயே மறைந்தவர். 1906-ல் பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டிக்குத் தடை விதிக்க ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது அதற்குப் பிறகுதான் என்பது நம் பக்கத்துப் பெண்களின் நல்ல காலம். அந்தப் பழைய மருத்துவக் குறிப்புகளில் உள்ள படங்களும் இன்று நாங்கள் பார்க்கும் முற்றிய நோயாளிகளின் படங்களும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். உங்கள் அம்மா செல்போனில் பார்த்தது பெரும்பாலும் அத்தகைய முற்றிய நிலைப் படங்களாகத்தான் இருக்கும்.

இப்போது எண்களுக்கு வருகிறேன். அம்மாவுக்கு நேராகப் படித்துக் காட்டுங்கள். எலும்பு தேய்மானத்துக்காக பிஸ்பாஸ்போனேட் எடுப்பவர்களில் தாடைப் பாதிப்பு வருவது 10,000 பேரில் 2 முதல் 5 பேருக்கு. அதே காரணத்துக்கு டெனோசுமாப் போடுபவர்களில் அதிகபட்சமாக 10,000-க்கு 30 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புற்றுநோய்க்காக இம்மருந்துகளை எடுப்பவர்களில் பொதுவாக 100-க்கு 5-க்குள். சில ஆய்வுகளில் அதைவிட அதிகமும் உண்டு. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால் அளவைப் பாருங்கள். எலும்பு தேய்மானத்துக்கு ஜோலெட்ரோனிக் ஆசிட் வருடத்துக்கு ஒரு முறை 5 மி.கி.; புற்றுநோயில் மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை 4 மி.கி. என்று ஏற்றினால் வருடத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு. டெனோசுமாப் உங்கள் அம்மாவுக்கு வருடத்தில் இரண்டு முறை 60 மி.கி.; புற்றுநோயாளிக்கு மாதாமாதம் 120 மி.கி., அதாவது பன்னிரண்டு மடங்கு. அதோடு கீமோதெரபி, ஸ்டீராய்டு, சத்துக் குறைவு எல்லாம் சேர்ந்து புண் ஆறுவதைக் கெடுக்கின்றன.

தராசின் மறு தட்டையும் பார்க்க வேண்டும். 2007-ல் வெளியான பெரிய ஆய்வில், வருடம் ஒரு ஜோலெட்ரோனிக் ஆசிட் ஏற்றிக்கொண்ட பெண்களுக்கு மூன்று வருடத்தில் முதுகெலும்பு முறிவு 70 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவு 41 சதவீதமும் குறைந்தன. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற அந்த ஆய்வில் தாடைப் பாதிப்பு என்று கணக்கில் வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மருந்து பெற்ற அணி, மற்றவர் வெற்று டிரிப்ஸ் பெற்ற அணி. டெனோசுமாபுக்கு 2009-ல் வெளிவந்த ஆய்விலும் முதுகெலும்பு முறிவு 68 சதவீதம் குறைந்தது. மணிக்கட்டு ஒரு முறை முறிந்த 68 வயதுக்காரருக்கு அடுத்த முறிவு இடுப்பில் வந்தால் என்ன ஆகும் என்பதை நம் குடும்பங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். படுக்கையில் விழுந்தவர்களில் பலர் பழையபடி எழுந்து நடமாடுவதில்லை.

ஆகவே அம்மா ஊசியை நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. டெனோசுமாப் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அலெண்ட்ரோனேட் எலும்பில் பல வருடம் தங்கும்; நிறுத்தினாலும் பாதுகாப்பு கொஞ்ச காலம் தொடரும். டெனோசுமாப் எலும்பில் தங்காது. அதன் பிடி ஆறு மாதத்தில் தளர்ந்ததும், அடங்கியிருந்த அரிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்புகிறது. ஊசியைப் பாதியில் விட்டவர்களில் சிலருக்கு ஒரே சமயத்தில் இரண்டு மூன்று முதுகெலும்புகள் நசுங்கியிருக்கின்றன, குனிந்து ஒரு குடத்தைத் தூக்கியதிலேயே. கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்டவே கூடாது. ஏதோ காரணத்தால் நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றாலும், அந்த இடத்தில் பிஸ்பாஸ்போனேட் ஒன்றை வைத்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். அதை எலும்பு மருத்துவர் முடிவு செய்வார்.

கால்சியம் மாத்திரை இந்தக் கதையில் குற்றவாளியே அல்ல. கால்சியமும் வைட்டமின் டி-யும் தாடையைக் கெடுப்பதில்லை. டெனோசுமாப் போடுபவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும் அபாயம் உண்டு என்பதால் அவை கட்டாயம் தேவை. இன்றே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

இனி அந்தக் கடைவாய்ப் பல். உங்கள் பல் மருத்துவரின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தொடாமல் விடுவதால் பல் பத்திரமாக இருக்கப் போவதில்லை. வேருக்கடியில் சீழ் கட்டி, ஆன்டிபயாட்டிக்கில் அடங்கி, மறுபடி கிளம்பும் ஒவ்வொரு சுற்றிலும் கிருமி எலும்பை எட்டிக்கொண்டே இருக்கிறது. பல் பிடுங்கியதால்தான் தாடை கெட்டது என்று நெடுங்காலம் நினைத்தோம். இப்போது பல ஆய்வுகள், பிடுங்க வேண்டிய நிலைக்குப் பல்லைக் கொண்டுவந்த சீழும் ஈறு நோயும்தான் பெரும்பாலும் தொடக்கம், பிடுங்கியபோது அது வெளியே தெரிந்தது என்கின்றன. உண்மையில் பயப்பட வேண்டியது அழுகிய பல்லை வாயில் வைத்துக்கொண்டிருப்பதற்குத்தான்.

முதலில் பார்க்க வேண்டியது பல்லைக் காப்பாற்ற முடியுமா என்பது. உடைந்தது ஈறுக்கு மேலே மட்டும் என்றால், வேர் நன்றாக இருந்தால், ரூட் கேனால் செய்து மேலே கேப் போட்டுவிடலாம். எலும்பைத் தொட வேண்டிய வேலையே இல்லை. கேப் போடும் அளவுக்கு மேல்பகுதி மிச்சமில்லை என்றாலும் கிருமியைச் சுத்தம் செய்து வேரை உள்ளேயே அடைத்து வைப்பது உண்டு. அதிக ஆபத்துள்ள புற்றுநோயாளிகளுக்கு அதைத்தான் விரும்பிச் செய்கிறோம். வேர் பிளந்திருந்தால், பல் ஆடினால், எடுத்துத்தான் ஆக வேண்டும்.

எடுப்பதற்கு உங்கள் அம்மாவுக்கு இப்போது நல்ல நேரம். டெனோசுமாபின் பிடி ஊசி போட்ட முதல் மாதங்களில் இறுக்கமாகவும் போகப் போகத் தளர்வாகவும் இருக்கும். மூன்று நான்கு மாதம் கழிந்த பின் பல்லை எடுத்தால், அடுத்த ஊசிக்கு முன் குழி மூட ஆறு முதல் எட்டு வாரம் கிடைக்கும். அம்மாவுக்கு நாலு மாதம் ஆகிவிட்டது, அடுத்த ஊசிக்கு இரண்டு மாதம் இருக்கிறது. இதைத் தள்ளிப்போட்டு ஊசிக்கு முந்தைய வாரம் போய் நின்றால் எல்லோருக்கும் சங்கடம். எலும்பு தேய்மானத்துக்கு டெனோசுமாப் போடுபவர்கள் பல் எடுத்தபின் தாடைப் பாதிப்பு வருவது சுமார் 100-க்கு ஒருவருக்கு. பிஸ்பாஸ்போனேட் எடுப்பவர்களில் 1,000-க்கு இரண்டைத் தொடாது. "யாருக்கோ ஒருத்தருக்கு" என்று தட்டிவிடும் அளவுக்கு இது அற்பமுமில்லை. "தொடவே மாட்டேன்" என்று சொல்லும் அளவுக்குப் பெரிதுமில்லை. நூற்றில் 99 பேருக்குக் குழி ஆறிவிடுகிறது.

பல் மருத்துவர் தயங்கினால், வாய் மற்றும் முகத் தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் இந்தப் பிரிவு இருக்கிறது. அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவும் பெரிதாக இராது. பல் எடுப்பதற்கு முன் வாயைச் சுத்தம் செய்வார்கள். குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு நீரும் ஆன்டிபயாட்டிக்கும் தொடங்குவார்கள். முடிந்தவரை எலும்பைக் காயப்படுத்தாமல் எடுத்து, குழியின் கூர்மையான ஓரங்களை மழுக்கி, ஈற்றை இழுத்துத் தையல் போட்டு மூடுவார்கள். சாதாரணமாகப் பல் எடுத்தால் மறுபடி போகவே வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். இவருக்கு அப்படி விடாதீர்கள். ஈறு முழுக்க மூடியதை மருத்துவர் கண்ணால் பார்த்துச் சொல்லும் வரை போய்க் காட்டுங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டுப் போங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால், குழி ஆறும் வரையாவது, என் ஆசை நிரந்தரமாகவே, விடட்டும்.

சிலர், எலும்பு அரிக்கப்படும் வேகத்தைக் காட்டும் சி.டி.எக்ஸ். என்ற இரத்தப் பரிசோதனை செய்து, அந்த எண்ணைப் பார்த்துப் பல் எடுக்கலாமா என்று முடிவு சொல்வார்கள். அந்த எண் யாருக்குத் தாடைப் பாதிப்பு வரும் என்று முன்கூட்டிக் காட்டுவதில்லை. அதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். அதேபோல, அலெண்ட்ரோனேட் சாப்பிடுபவர்கள் பல் எடுப்பதற்கு இரண்டு வாரம் முன் மாத்திரையை நிறுத்துவதாலும் பெரிய பயன் கிடைப்பதில்லை. மருந்து எலும்புக்குள் இருக்கிறது, வயிற்றில் இல்லை. மாதக்கணக்கில் நிறுத்தலாமா என்பதில் நிபுணர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மனத்தாங்கலாகப் பட்ட ஒன்று உண்டு. இரண்டு மருத்துவர்களும் உங்கள் மூலமாகவே பேசிக்கொள்கிறார்கள், நேரில் பேசவில்லை. பல் மருத்துவர் எலும்பு மருத்துவருக்கு ஒரு போன் செய்தால், ஊசி தேதியையும் பல் எடுக்கும் தேதியையும் ஐந்து நிமிடத்தில் பொருத்திவிடலாம். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனாலும் உங்கள் பல் மருத்துவரை இன்னொரு விஷயத்துக்காகப் பாராட்டுவேன்: எலும்பு ஊசியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் நம் ஆட்கள் சுகர் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் சொல்வார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்ட ஊசியும் வருடத்துக்கு ஒரு முறை ஏறிய டிரிப்ஸும் அவர்கள் மனதில் மருந்துக் கணக்கிலேயே வருவதில்லை. என்னிடம் வரும் முற்றிய நோயாளிகளில் பலரிடம் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் அந்த டிரிப்ஸ் வெளியே வரும். பல் மருத்துவரிடம் போகும் எவரும், "எலும்புக்கு எப்போதாவது ஊசியோ, வாரம் ஒரு மாத்திரையோ, புற்றுநோய் மருந்தோ எடுத்திருக்கிறேன்" என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். ஊசி போட்ட அட்டையின் படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டால் பெயரை நினைவில் வைக்கும் தொல்லையும் இல்லை.

இந்த மருந்துகளை இனிமேல்தான் தொடங்கப்போகிறவர்கள் வீட்டில் யாராவது இருந்தால், முதல் ஊசிக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிடட்டும். புற்றுநோய்க்கு என்றால் இது தவிர்க்கவே முடியாதது. தேறாத பற்களை எடுத்து, ஈறு மூட இரண்டு மூன்று வாரம் விட்டு, பிறகு டிரிப்ஸ் தொடங்குவது நல்ல வழக்கம். பல் செட்டின் உறுத்தலையும் அப்போதே சரிசெய்துவிடலாம்.

சித்திக்குத் திரும்புகிறேன். பரிசோதனையில் புற்று இல்லை, மருந்துப் பாதிப்புதான் என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். எலும்பு தெரிந்தும் சீழோ வலியோ இல்லாத தொடக்க நிலையில் கொப்பளிப்பு நீரும் சுத்தமும் தொடர் கண்காணிப்பும் போதும் என்றிருப்பவர்கள் உண்டு. சீழ் இருந்தால் ஆன்டிபயாட்டிக் சேரும். முன்பெல்லாம் இந்த எலும்பில் கத்தி வைக்கவே அஞ்சுவோம், வைத்தால் இன்னும் பரவும் என்று. இப்போது அந்த எண்ணம் மாறிவிட்டது. உயிரிழந்த பகுதியை இரத்தம் கசியும் நல்ல எலும்பு வரை செதுக்கி எடுத்து, மேலே சதையை இழுத்து மூடினால் பெரும்பாலானவர்களுக்கு ஆறுகிறது, முற்றுவதற்கு முன் வந்தால். முற்றிய பிறகு வந்தால் தாடையின் ஒரு பகுதியையே வெட்டி எடுத்து உலோகத் தகடு வைக்க வேண்டியிருக்கும், சிலருக்குத் தாடை தானாகவே முறிந்திருக்கும். மூன்று மாதமாக ஆறாத புண்ணோடு அடுத்த டிரிப்ஸ் வரை காத்திருக்க வேண்டாம் என்று நான் அவசரப்படுத்துவது இதனால்தான்.

டிரிப்ஸை நிறுத்துவதா என்பதைச் சித்தியோ நீங்களோ, என்னைப் போன்ற தாடை மருத்துவரோ தனியாக முடிவு செய்யக் கூடாது. முதுகெலும்புக்குப் பரவிய புற்றில் அந்த மருந்துதான் முறிவையும், தண்டுவடம் நசுங்கிக் கால் செயலிழப்பதையும் தள்ளிவைத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் நிறுத்துவது, தொடர்வது என்ற இரண்டே வழிகள் இல்லை. 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எலும்புக்குப் புற்று பரவிய 1,800-க்கு மேற்பட்டவர்களில் ஒரு பாதிக்கு 4 வாரத்துக்கு ஒரு முறையும் மறு பாதிக்கு 12 வாரத்துக்கு ஒரு முறையும் ஜோலெட்ரோனிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் எலும்புச் சிக்கல்கள் இரு அணியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றரை வருடம் மாதாமாதம் ஏற்றிவிட்ட நிலையில், இடைவெளியைக் கூட்டலாமா, புண் ஆறும் வரை சில மாதம் தள்ளிவைக்கலாமா என்று புற்றுநோய் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். அடுத்த டிரிப்ஸ் தேதி எதுவானாலும், வாயைக் காட்டாமல் அதை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லுங்கள்.